கோட்டின் மேல் ஒரு சுரம்



ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியில் பேண்டு வாத்தியக் குழு என் பொறுப்பில் இருந்தது. ஆண்டு விழாவுக்கெனப் புதிய மெட்டு ஒன்றை மேலைநாட்டார் வழங்கும் ஐந்து கோட்டு முறையில் ஸ்டென்சில் தாளில் எழுதிப் பிரதியெடுத்துக் கொடுத்தேன். ஒத்திகையில் புல்லாங்குழல் வாசித்த சிறுவன் ஒருவன் ஓரிடத்தில் மட்டும் மாறுபட்டு வாசித்தான். திருத்தினேன், மீண்டும் அவ்வாறே வாசித்தான். சினந்து பேசிவிட்டேன். அவன் மறுமொழி கூறாமல் தாளை நீட்டினான். கோட்டின் மேல் இருக்க வேண்டிய சுரப்புள்ளி, அதற்கு மேலுள்ள இடைவெளியில் இருந்தது. பிழை என்னுடையது. மற்றையோர் நான் பாடிக் காட்டியதைக் காதால் பற்றிக்கொண்டனர். அவன் ஒருவனே எழுதியதைப் படித்தான்.

ஆசிரியரைத் திருத்தும் ஆற்றல் ஒரு சிறுவனுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை காண ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரத்துப் பேராயர் இசிதோர், ஒலிகளை எழுதிவைக்க இயலாது. நினைவில் நில்லாவிடில் அவை அழிந்தொழியும் என்று கருதினார். ஒன்பதாம் நூற்றாண்டளவில் ஐரோப்பியத் துறவியர் பாட்டின் சொற்களுக்கு மேல் சிறு கீற்றுகளை இடலாயினர். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அக்கீற்றுகள் காட்டின. எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பெரும்பாலும் காட்டவில்லை. ஆகவே, பாட்டை முன்னரே அறிந்தவனுக்கு அவை நினைவூட்டும் குறியாக உதவின, அறியாதவனுக்குப் பயன்படவில்லை. ஆசிரியர் வாய் திறந்தாலன்றி மாணவன் பாட இயலாது.

இந்நிலையை மாற்றியவர் இத்தாலி நாட்டுத் துறவி குவீதோ. பொம்போசா மடத்தில் இருந்த அவர், அங்குச் சிலரது பொறாமைக்கு ஆளாகிப் பின்னர் அரெட்ஸோ நகரில் சிறுவர்க்கு இசை கற்பித்தார். கோடு இழுக்கும் வழக்கம் முன்னரே ஓரளவு இருந்தது. ஆயினும் கோடுகளும் அவற்றினிடையே உள்ள வெளிகளும் ஒவ்வொன்றும் ஒரு சுரத்தின் நிலையான இடம் என்று வகுத்து, அதனை ஒரு கல்வி முறையாக்கியவர் அவரே. மேலைநாட்டார் எஃப் என்று வழங்கும் சுரத்தின் கோட்டுக்குச் சிவப்பும், சி என்னும் சுரத்தின் கோட்டுக்கு மஞ்சளும் தீட்டினார். அவ்விரு சுரங்களுக்கும் நேர் கீழே அரைச்சுர இடைவெளி அமைந்திருப்பதால், பாடுவோர் தவறக்கூடிய இடத்தை வண்ணமே எச்சரித்தது.

பத்தாண்டு பயின்றும் நிறைவெய்தாத கல்வி இம்முறையால் ஓரிரு ஆண்டில் கைகூடும் என்று அவர் தம் நண்பருக்கு எழுதினார். 1030ஆம் ஆண்டை ஒட்டிப் போப்பாண்டவர் பத்தொன்பதாம் ஜான் அவரை ரோமாபுரிக்கு அழைத்தார். அந்நூலைக் கையில் வாங்கி, முன்பு கேட்டறியாத ஓரடியைத் தாமே பாடிப் பார்த்த பிறகே இருக்கையை விட்டு எழுந்தாராம்.

முறை எளிதாயிற்று, பிழை திருத்துவது எளிதாகவில்லை. தோல் ஏட்டில் ஒரு சுரத்தை இடம் மாற்றக் கத்தியால் சுரண்ட வேண்டும். 1501இல் வெனிஸ் நகரில் பெத்ருச்சி என்பார் அச்செழுத்துகளால் பல குரலிசையை அச்சிட்டபோது, கோடும் சுரமும் சொல்லும் தனித்தனியே பதிய, ஒரே தாள் பலமுறை அச்சேறியது. சற்றே விலகினும் சுரம் வேறாகிவிடும். பிற்காலத்தில் உலோகத் தகட்டில் சுரங்களைத் தலைகீழாகச் செதுக்கினர். அங்கே ஒரு புள்ளி பிறழ்ந்தால், தகட்டின் பின்புறம் சுத்தியலால் தட்டிக் குழியை நிரவி, மீண்டும் செதுக்க வேண்டும்.

இன்று அவ்வுழைப்பு ஒரு விரலசைவில் அடங்கிவிட்டது. 1988இல் ஃபினாலே, 1993இல் சிபேலியஸ், பின்னர் யாவரும் விலையின்றிப் பெறத்தக்க மியூஸ்ஸ்கோர் எனக் கணினி மென்பொருள்கள் பல தோன்றின. மியூஸ்ஸ்கோரில் ஒரு சுரத்தைத் தேர்ந்து மேல்நோக்கிய அம்புக்குறி விசையைத் தட்டினால், அது அரைச்சுரம் உயரும். சில வேளை புள்ளி இடம் பெயராமல், அதன் முன்னே ஷார்ப் குறி மட்டும் தோன்றும். நடுக்கோட்டைக் கடந்து ஏறினால் புள்ளியின் காம்பு தானே கீழ்நோக்கித் திரும்பும். நகர்த்திய சுரம் உடனே ஒலித்தும் காட்டும். பழைய ஏட்டில் இருந்தது மையின் வடிவம். இங்கே கணினி காப்பது சுரத்தையே. வடிவம் அதனைப் பின்தொடர்கிறது.

ஆனால் ஒன்றை மறவாதீர். நீங்கள் கருதிய சுரம் எது என்பதைக் கணினி அறியாது. எழுதிய சுரத்தையே, அது பிழையாயினும், தயங்காது ஒலிக்கும். கேட்டுத் தெளிய வேண்டிய காது உங்களுடையது.

அன்று அச்சிறுவனிடம், "தம்பி, நீ படித்ததே சரி," என்று அனைவர் முன்னிலையிலும் கூறினேன். பிறகு அவனே பேனாவை எடுத்து, ஒவ்வொரு பிரதியிலும் அப்புள்ளியை உரிய கோட்டுக்கு இறக்கினான். குவீதோ சிறுவர்க்கு விட்டுச்சென்ற செல்வம் இதுவே: கோட்டைப் படிக்கக் கற்றவன், ஆசிரியர் பாடிக் காட்டாத பாட்டையும் பாடுவான், ஆசிரியர் தவறிய இடத்தையும் காண்பான்.