பிழையான இரசாயனத்தில் கழுவப்பட்ட படச்சுருள்

திருகோணமலையில் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் 1956ஆம் ஆண்டு ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கித் தேடினர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்தழித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. அடுத்த ஆண்டே அந்த அனுபவத்தைக் கிளார்க் நூலாக்கினார். வில்சனோ 1962இல் 'ரன் முத்து தூவ' என்ற முதல் முழுநீள சிங்கள வண்ணத் திரைப்படத்தையே எடுத்து முடித்தார். கல்லைக் கடல் காத்தது. அதைக் கண்ட கண்ணுக்குச் சாட்சி படச்சுருள்தான்.

அந்தச் சாட்சி எத்தனை மெல்லியது என்பதை இன்றைய தலைமுறை அறியாது. அக்காலத்தில் அச்சுக்குரிய வண்ணப்படம் என்றாலே பெரும்பாலும் ஸ்லைட்தான். கமராவுக்குள் சென்ற அதே பிலிம் துண்டே இறுதிப் படமாகவும் திரும்பிவரும். வேறு மூலப்பிரதி கிடையாது. ஆகவே கழுவும் இடத்தில் நேரும் ஒரு தவறுக்கும் மாற்றுவழி இல்லை.

தவறு நேர்வதோ மிக எளிது. ஸ்லைட் சுருளும் நெகட்டிவ் சுருளும் ஒரே அளவுக் குப்பியில் வரும். பெயர் 'குரோம்' என்று முடிந்தால் ஸ்லைட், 'கலர்' என்று முடிந்தால் நெகட்டிவ். இதுவே நாங்கள் மனத்தில் வைத்திருந்த வாய்பாடு. 1970களில் இருந்து ஸ்லைட்டுக்கு ஈ-6, நெகட்டிவுக்கு சி-41 என இரு முறைகள் நிலைபெற்றன. ஈ-6 முறையில் முதலில் கறுப்பு வெள்ளை உருவம் எழும். எஞ்சிய வெள்ளி உப்பே பின்னர் நிறமாகும். சி-41 முறையில் அந்த முதற்படியே இல்லை. ஒளிபட்ட இடம் நேரே நிறமேறி, ஸ்லைட் சுருள் நெகட்டிவாக வெளிவரும். அதைப் பிரதியெடுத்தால் நிழல் மிகக் கருத்து, வானம் பச்சையோ ஊதாவோ ஆகிவிடும். (1990களில் நவநாகரிகப் புகைப்படக்காரர்கள் இதையே வேண்டுமென்று செய்து புகழ்பெற்றார்கள் என்பது வேறு கதை!)

அந்தச் சுருளிலாவது உருவம் தப்பும். 1935இல் அறிமுகமான கோடாக்குரோமின் கதை கொடியது. அதன் நிறமூட்டும் பொருள் பிலிமில் இல்லை. கழுவும் திரவத்திலிருந்தே வரவேண்டும். அதை சி-41 தொட்டியில் இட்டால் வெள்ளி உருவம் எழும், நிறம் எழாது. பின்வரும் வெளுப்பானும் நிலைநிறுத்தியும் அவ்வெள்ளியையும் கரைத்துவிட, வெறும் பிலிமே மிஞ்சும். அதை முறைப்படி கழுவிய கடைசிக் கூடம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது. அதுவும் 2010 டிசம்பர் 30உடன் பொறுப்பேற்பதை நிறுத்திக்கொண்டது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? 1983 கலவரமும் பின்வந்த போரும் 2004 ஆழிப்பேரலையும் திருகோணமலைக் குடும்பங்கள் பலவற்றின் படப்பெட்டிகளை விழுங்கிவிட்டன. துறைமுகத்தையும் சுவாமிமலையையும் பதிந்த சுருள்கள் இன்று எஞ்சியிருக்கக்கூடியது லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள அலுமாரிகளில்தான். அங்கே கழுவாத கோடாக்குரோம் கிடைத்தால் கறுப்பு வெள்ளையாகவே கழுவத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். நிறம் வராது, கோயில் வரும். பச்சையும் ஊதாவுமாகப் பாழானதெனத் தோன்றும் ஸ்லைட் நெகட்டிவையும் எறிந்துவிட வேண்டாம். ஸ்கேன் செய்து கணினியில் நிறத்தைச் சீர்செய்ய ஓரளவேனும் முடியும்.