பொறுப்புக் கூட்டு, உடைமை தனி: வட இலங்கையில் நுண்கடனின் வரலாற்றிடம்

2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்றதன் பின்னர் வட இலங்கைக் கிராமங்களிற் பரவிய நுண்கடன் பற்றி நம்மிடையே இரு கருத்துக்கள் நிலவுகின்றன. வங்கியின் வாயிலைக் காணாத ஏழைப் பெண்ணைத் தொழில் முயற்சியாளராக்கும் கருவி அது என்பது ஒன்று. பழைய வட்டிக்காரன் புதிய சட்டை அணிந்து வந்துள்ளான் என்பது மற்றையது. முதலாவது அபிவிருத்தி நிறுவனங்களின் மொழி. இரண்டாவது முற்போக்காளர் பலரின் மொழி. இவ்விரண்டுமே வரலாற்றுக்குப் புறம்பானவை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. கடன் கொடுப்பவன் யார், வட்டி எவ்வளவு என்பனவற்றோடு நின்றுவிடாது, பிணையாக வைக்கப்படுவது யாது, அப்பிணையின் பயன் யாரைச் சேர்கின்றது என்னும் வினாக்களை எழுப்பும்போதுதான் நுண்கடனின் தனித்தன்மை புலப்படும்.

1707 இல் ஒல்லாந்த ஆட்சியாளருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் ஒற்றி விரிவான இடத்தைப் பெறுகின்றது. ஒற்றியில் நிலம் கடன் கொடுத்தவனின் கைக்கு மாறும். விளைவை அவன் அனுபவிப்பான். அவ்விளைவே வட்டிக்கு ஈடாகும். அதே தொகுப்பு அடிமைகள் பற்றியும் விதிகள் கூறுகின்றது என்பதை மறந்துவிடலாகாது. நிலமுடையோர் நிலத்தைப் பிணை வைத்தனர். நிலம் மறுக்கப்பட்ட சாதியினரிடம் பிணை வைப்பதற்கு இருந்தது உழைப்பு மாத்திரமே. ஆகவே அக்காலக் கடனுறவு நிலமானிய உறவின் ஒரு கூறாகவே இயங்கிற்று. இங்கு சொல்லாராய்ச்சி சார்ந்த ஒரு குறிப்பு பொருந்தும். புறநானூற்றிலே 'கடன்' என்பது கடமை என்னும் பொருளில் வருகின்றது. 'வட்டி' என்பதோ சங்கச் செய்யுள்களில் நெல்லும் பிறவும் இடும் சிறு கூடையைக் குறிக்கும் சொல். சொற்பொருள் மாற்றத்தைக் கொண்டே பொருளாதார வரலாற்றை எழுதிவிட முடியாது. எனினும், கடமையைக் குறித்த சொல்லே நிலுவைத் தொகையையும் குறிக்கலாயிற்று என்பது, கடன்பட்டவர் தவணை தவறும்போது ஏன் தம்மைக் குற்றவாளியாக உணர்கின்றார் என்பதைச் சிறிது விளக்கக்கூடும்.

பிரித்தானியர் காலத்திற் பணப்பொருளாதாரம் பரவியபோது நகை அடகும் கைச்சீட்டும் முன்னணிக்கு வந்தன. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கடன் தீவின் வர்த்தகத்தையும் சிறு தோட்டங்களையும் இயக்கிற்று. 1930களின் பெருமந்தத்தில் ஈடு வைத்த நிலங்கள் பல கைமாறின. 1934 இன் வங்கி ஆணைக்குழுவும் 1939 இல் தோன்றிய இலங்கை வங்கியும் அந்நெருக்கடியின் பின்னணியில் எழுந்தவை. வட்டியைக் கட்டுப்படுத்தக் குடியேற்ற அரசு சட்டமியற்றாமலும் இல்லை. அறவிடக்கூடிய வட்டி முதலை விஞ்சலாகாது என்னும் விதி 1852 ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளையிலேயே இடம்பெற்றது. 1918 இல் கடன் கொடுத்தல் பற்றிய கட்டளைச் சட்டமும் வந்தது. நீதிமன்றம் செல்லும் கடனுக்கே இவ்விதிகள் காவலாயின. நீதிமன்றத்துக்குச் செல்லாமலே கடனை அறவிடும் வழி ஒன்று கண்டுபிடிக்கப்படுமாயின் அவை பயனற்றுப் போகும் என்பது இவ்விடத்திற் கருதத்தக்கது.

1911 ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டத்தோடு யாழ்ப்பாணக் கிராமங்களில் ஐக்கிய நாணய சங்கங்கள் வளர்ச்சியுற்றன. நுண்கடனின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பங்களாதேஷிலிருந்தே தொடங்குவதால் இச்சங்கங்கள் கவனிக்கப்படுவதில்லை. ஆனால் அயலவர் ஒருவருக்கொருவர் பிணைநிற்கும் முறை சிட்டகொங்கில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதொன்றன்று. ஜெர்மனியின் ரைபைசன் சங்கங்களை முன்மாதிரியாகக் கொண்ட கிராமியக் கடன் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஒருவர் தவறினால் அனைவரும் பொறுப்பு. கட்டாயச் சேமிப்பும் இருந்தது. ஒருவர் குணத்தை மற்றவர் அறிந்திருப்பதே ஈடாகவும் இருந்தது. அவ்வாறாயின் வேறுபாடு எங்கே உள்ளது?

வேறுபாடு உடைமையில் உள்ளது. நாணய சங்கத்தின் முதல் அங்கத்தவரின் முதல். வட்டி அச்சங்கத்தின் ஒதுக்கு நிதியாக ஊரிலேயே தங்கிற்று. தவணை தவறியவரை எவ்வாறு நடத்துவது என்பதையும் அவருடன் ஒரே கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களே தீர்மானித்தனர். வெள்ளம் வந்தால், வீட்டில் மரணம் நேர்ந்தால், தவணையைத் தள்ளிப்போடும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. நுண்கடனிற் பொறுப்பு மாத்திரம் கூட்டானது. உடைமையும் இலாபமும் தீர்மானமும் கூட்டுக்கு வெளியே உள்ளவை. உற்பத்தி சமூகமயமாகவும் அபகரிப்புத் தனியார்மயமாகவும் இருக்கும் முரண்பாடு முதலாளித்துவத்தின் அடிப்படை என்போம். அம்முரண்பாடு இங்கு தொழிற்சாலைக்கு வெளியே, ஐந்து பெண்கள் பாயில் அமரும் முற்றத்தில் நிகழ்கின்றது.

நாணய சங்கங்களைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் தவறாகும். அவற்றின் நிருவாகத்தில் நிலமுடைய உயர்சாதியினரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. சாதியால் ஒடுக்கப்பட்டோர் அங்கத்துவம் பெறுவதற்கே போராட வேண்டியிருந்த ஊர்களும் இருந்தன. 1970களிற் கள்ளிறக்கும் தொழிலாளரைத் தவறணைக் குத்தகைக்காரரிடமிருந்து மீட்ட கூட்டுறவுச் சங்கங்களே இத்துறையில் வர்க்க அடிப்படையில் எழுந்த முக்கியமான முயற்சி எனலாம்.

முகம்மது யூனுஸ் 1976 இல் ஜொப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 27 டொலர் கடன் வழங்கியதும், 1983 இற் கிராமீன் வங்கி தனிச்சட்டத்தால் நிறுவப்பட்டதும், 2006 இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்ததும் பலரும் அறிந்தவை. அதன் பின்னர் நிகழ்ந்ததே நமக்கு முக்கியமானது. வறுமைக்கு மருந்து எனப்பட்டது முதலீட்டுக்குக் களமாயிற்று. 2010 இல் இந்தியாவின் மிகப்பெரிய நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில், கடன்பட்டோரின் தற்கொலைகள் பற்றிய செய்திகள் பெருகியதைத் தொடர்ந்து ஆந்திரப் பிரதேச அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2015 இல் இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிக்கோ உட்பட ஆறு நாடுகளிற் செய்யப்பட்ட ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. நுண்கடன் வறியோரின் வாழ்வை உருமாற்றியமைக்குச் சான்றில்லை என்பதே அவற்றின் பொதுவான முடிவு. இவ்வாய்வாளர்கள் மார்க்சியர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

வன்னியில் இக்கடன் வந்து சேர்ந்த தருணத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏ9 வீதி திறக்கப்பட்டதும் வங்கிகளும் குத்தகைக் கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே வந்தன. மீள்குடியேறிய மக்களிடம் காணியுறுதி பலருக்கு இல்லை, நகை இடப்பெயர்விற் போயிற்று, வேலையில்லை. பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் பெருகியிருந்தன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. கட்டடப் பொருள்களின் விலையும் கூலியும் உயர்ந்த நிலையில் வீட்டை முடிக்கப் பலர் கடன்பட்டனர். அதாவது தொழில் முயற்சிக்கெனக் கொடுக்கப்பட்ட கடன் கூரைக்கும் மருந்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் பழைய கடனின் தவணைக்கும் சென்றது. கடனை மீட்கும் உபரியை உருவாக்கும் உற்பத்தி அங்கு இருக்கவில்லை. உற்பத்தி முறையை மாற்றாது அதனைப் பற்றிக்கொண்டு வறுமைப்படுத்துவது வட்டி மூலதனத்தின் இயல்பு என மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் விளக்குவார். நுண்கடனின் விளைவு அதுவே. அதன் அமைப்போ நவீன நிதி மூலதனத்துடையது.

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 50,000 ரூபா கடனுக்கு ஆண்டுக்கு 24 வீதம் என்று சொல்லி, 12,000 ரூபா வட்டியை முதலுடன் கூட்டி 50 கிழமைகளுக்கு 1,240 ரூபா வீதம் அறவிடுவதாகக் கொள்வோம். முதல் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டே போக, வட்டி மாத்திரம் முழுத்தொகைக்கும் அறவிடப்படுகின்றது. உண்மையான ஆண்டு வீதம் 45 ஐ அண்மிக்கும். சேவைக் கட்டணமும் காப்புறுதியும் முன்கூட்டியே கழிக்கப்படுமாயின் இன்னும் ஏறும். 2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 220 வீதம் வரையிலான வட்டியைப் பற்றிக் குறிப்பிட்டார். கடன் அறவிடுவோர் பெண்களிடம் பாலியல் இணக்கம் கோரியமையையும் பதிவு செய்தார்.

ஆயினும் வட்டி வீதத்தைவிடப் பாரதூரமானது அறவிடும் முறையே. ஒரு பெண் தவணை கட்டாவிட்டால் மற்றைய நால்வரும் கட்ட வேண்டும். கட்டும்வரை கூட்டம் கலையாது. நீதிமன்றத்தின் வேலையை அயலாள் செய்கின்றாள். லாமியா கரீம் பங்களாதேஷ் பற்றிய தமது நூலில் இதனை வெட்கத்தின் பொருளாதாரம் என்று விளக்கியுள்ளார். வடக்கின் பெண்கள் சீட்டுக் கட்டியும் அரிசி கைமாற்றியும் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்தும் இடப்பெயர்வுக் காலத்தைக் கடந்தவர்கள். யுத்தம் அழிக்காது விட்ட அந்த உறவே நிறுவனத்தின் ஈடாக மாற்றப்பட்டது. தவணை தவறியவள் கோவில் வீதியிலும் கிணற்றடியிலும் அயலவரைத் தவிர்க்கின்றாள்.

நமது புனைகதை இதனை இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை என்றே கூறவேண்டும். ஐம்பதுகள், அறுபதுகளின் யதார்த்தவாதத்துக்கு வட்டிக்கார முதலாளி கைக்கெட்டிய பாத்திரம். இன்று மோட்டார் சைக்கிளில் வருபவன் பக்கத்து ஊர் இளைஞன். மாத இலக்கை எட்டாவிட்டால் வேலை இழப்பவன். அவன் வீட்டிலும் கடன் இருக்கலாம். வில்லனைத் தேடும் எழுத்து இவனிடமே நின்றுவிடும்.

அரசு செய்தவை குறைவானவை. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புப் பெறும் நிறுவனங்களையே பிரதானமாகக் கட்டுப்படுத்திற்று. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அது தவணை தவறியோருக்கானது. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொன்றிற் கடன்பட்டு, நாள் வட்டிக்கும் வாங்கி, ஒழுங்காகக் கட்டிவந்தவள் அதற்குள் அடங்கவில்லை.

2021 மார்ச் 8 ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில், நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். இக்கடன்களால் 200 இற்கும் மேற்பட்ட பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாக அவர்கள் கூறினர். யுத்தத்தின் விளைவாக மாத்திரம் இப்பிரச்சினையை நோக்குவோர், சிங்கள விவசாயக் குடியேற்றப் பிரதேசத்திலிருந்து எழுந்த இக்குரலைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். தவணையைத் தள்ளிப்போடுமாறு அன்றி, கடனை இரத்துச் செய்யுமாறே அவர்கள் கேட்டனர். ஒருவருக்கொருவர் பிணைநிற்கப் பழக்கப்பட்டவர்கள், கட்ட மறுப்பதிலும் ஒருவருக்கொருவர் பிணைநின்றனர். கொவிட் பரவல் உக்கிரமடையும் வரை, ஏறத்தாழ இரு மாதங்கள், அவர்கள் அங்கு அமர்ந்திருந்தனர்.