முதல் பேரரசர் கல்லறை

சீனாவை முதன்முதலாக ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்து, கி.மு. 210இல் இறந்த சின் ஷி ஹுவாங் பேரரசரின் அடக்கத்தலம். சியான் நகருக்குக் கிழக்கே லின்டோங்கில் உள்ளது. 1974 மார்ச்சில் கிணறு தோண்டிய உழவர்கள் கையில் சுடுமண் சிலைத் துண்டுகள் அகப்பட, உலகின் பார்வை இங்கே திரும்பியது. 1987இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுடுமண் வீரர்கள் நிற்கும் குழிகள் கல்லறை மேட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. மேட்டின் அடியில் இருக்கும் பேரரசரின் அறையைத் தொல்லியலாளர்கள் இன்னும் திறக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஏன் என்றுதான் கேட்கிறார்கள்.

பதிலின் ஒரு பாதி அந்த வீரர்களின் உடம்பிலேயே இருக்கிறது. இன்று மண் நிறத்தில் நிற்கும் இவர்கள் புதைக்கப்பட்டபோது சிவப்பு, பச்சை, ஊதா என வண்ணம் பூசியிருந்தார்கள். வண்ணத்துக்கு அடியில் அரக்கு மரப்பாலின் மெல்லிய பூச்சு. ஈரமண்ணில் இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய அந்தப் பூச்சு, உலர்ந்த காற்றுப் பட்டதும் சில நிமிடங்களில் சுருண்டு, வண்ணத்தோடு உரிந்து விழுகிறது. ஜெர்மானிய வல்லுநர்களோடு சேர்ந்து பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலால் பூச்சை நிலைநிறுத்தும் முறை கண்டறியப்பட்டது. முதலில் தோண்டிய சிலைகளுக்கு அது காலம் கடந்த மருந்து.

மறு பாதி, பெய்ஜிங் அருகே உள்ள திங்லிங். மிங் பேரரசர் வான்லியின் கல்லறை. 1956இல் அகழத் தொடங்கினார்கள். உள்ளே கிடைத்த பட்டாடைகளைக் காக்கும் நுட்பம் அன்று கைவசம் இல்லை, பல கெட்டுப்போயின. 1966இல் பண்பாட்டுப் புரட்சியின் செங்காவலர்கள் பேரரசர், பேரரசியரின் எலும்புகளை வெளியே இழுத்துவந்து எரித்தார்கள். முந்தையது அறிவியலின் போதாமை, பிந்தையது அரசியல் வெறி. ஆனாலும் மண்ணுக்குள்ளேயே இருந்திருந்தால் இரண்டும் நேர்ந்திராது.

லின்டோங் மேட்டைத் தோண்டாமலே ஆய்ந்து வருகிறார்கள். பேரரசர் இறந்து நூறாண்டுக்குப் பின் எழுதிய வரலாற்றாசிரியர் சீமா சியென், கல்லறைக்குள் பாதரச ஆறுகள் ஓடியதாகக் குறித்தார். கட்டுக்கதை என்று தள்ளத் தோன்றும். ஆனால் 1980களில் மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் இயல்பைவிட மிகுந்திருந்தது. 2020இல் வெளியான லேசர் அளவீட்டு ஆய்வும், மேட்டைச் சூழ்ந்த காற்றில் அது கசிவதைக் காட்டியது. ஒரு கூடை மண்கூட அள்ளாமல் கிடைத்த சான்று இது.

அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்தில்லாத வழி என்று சொல்லிவிட முடியாது. நிலநடுக்கம், நிலத்தடி நீர், திருடர்கள் என மண்ணுக்கு அடியிலும் பகை உண்டு. அதனால்தான் சீனா ஒரு விலக்கு வைத்திருக்கிறது: பேரரசர் கல்லறைகளை ஆய்வுக்காக மட்டும் திறப்பதில்லை, அழிவு நெருங்கினால் மீட்பு அகழாய்வு செய்யலாம். லின்டோங்கில் அந்த நிலை இன்னும் வரவில்லை. மேட்டின்மேல் இப்போது மாதுளை மரங்கள் நிற்கின்றன.