ஊர்ப்பணியும் ஒப்புரவும்

ஊருக்கு உதவுவோன் செல்வத்துக்கு ஊருணியை உவமை காட்டினார் வள்ளுவர். ஊரார் எல்லாரும் உண்ணும் நீர் அது. ஆறில்லாத நம் குடாநாட்டிலோ நீர் என்றாற் கிணறு. கிணறு நிலத்தோடு சேர்ந்தது. நிலமோ சிலர் கையில் இருந்தது. நிலமற்ற கூலி மக்களும் தீண்டாமைக்கு ஆளானோரும் கிணற்றடிக்கு அப்பால் நின்று, பிறர் அள்ளி வார்க்கும்வரை காத்திருந்த காலம் மிக நீண்டது. ஆதலின், ஊர் முன்னேற்றம் பற்றிப் பேசும் நாம், “என்ன கட்டினோம்?” என்று கேட்குமுன், “அது யாருக்கு எட்டியது?” என்று கேட்டல் வேண்டும்.

நெல்லியடியைச் சூழ்ந்த கரவெட்டிப் பகுதியின் வரலாறே இதற்கு விடை கூறும். கல்வி மறுக்கப்பட்ட மக்கள், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், கா. சூரன் அவர்களின் முயற்சியாற் சைவப் பாடசாலையொன்றைத் தாமே எழுப்பினர். இன்றைய தேவரையாளி இந்துக் கல்லூரி அதன் வளர்ச்சியே. எழுத்தாளர் தெணியான் ஆசிரியராகப் பணியாற்றியது அங்கேதான். பிறர் கொடுக்காததைத் தம் உழைப்பால் உண்டாக்கியவர்கள் அவர்கள். ஊர்ப்பணி என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேறு வேண்டுமோ?

இளைஞர்களும் வாளாவிருக்கவில்லை. 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் சம ஆசனம், சம போசனம் என்பவற்றை வற்புறுத்தினர். அதுவரை சில பிள்ளைகள் வகுப்பிலே தரையில் இருந்தனர். 1929–30 அளவில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பும் மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. ஒரு வாங்கில் ஒன்றாய் இருப்பதற்கும் இத்துணைப் பகை!

1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் தேநீர்க் கடைகளின் கதவு உடனே திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுந்த ஊர்வலத்தின் பின்னர்ப் போராட்டம் பல இடங்களுக்கும் பரவியது. நெல்லியடிக் கடைகளும் அதற்கு விலக்கல்ல. சட்டம் உரிமையை எழுதிற்று. மக்கள் நடந்து சென்றே அதனைப் பெற்றனர்.

சாதி மறைந்தது என்று சொல்லிக்கொண்டாலும், செல்வ வேற்றுமை ஊர்ப்பணியில் ஓசையின்றிப் புகுந்துவிடும். சிரமதானத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் மண்வெட்டி பிடிப்பதால் உத்தியோகத்தர் இழப்பது ஒரு விடுமுறை. கூலியாள் இழப்பது அன்றைய அடுப்பு. வீதி திறந்ததும் விலை ஏறுவது காணி உள்ளவனின் காணி. கூட்டமோ பெரும்பாலும் ஓய்வுள்ளவர்களுக்கு வாய்ப்பான நேரத்திற் கூடுகிறது. வராதவனை “அக்கறை இல்லாதவன்” என்கிறோம். இக்குற்றத்தினின்றும் நாமும் நீங்கியவரல்லேம்.

வேறு வழியும் உண்டு. 1958 இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன் முதற் சிரமதானத்துக்குச் சென்றது, சிங்களச் சமூகத்தில் மிகவும் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவைக் கிராமத்துக்கு. சர்வோதய இயக்கம் அங்கே வேர்விட்டது. கடைசியில் நிற்பவனிடத்தில் தொடங்கிய பணி அது.

அன்பார்ந்த இளைஞர்களே! அடுத்த பணியைத் திட்டமிடுமுன், ஊரின் கடைசி ஒழுங்கையிற் சென்று, “உங்களுக்கு எது வேண்டும்? எந்த நேரம் வர இயலும்?” என்று கேளுங்கள். பெரியோர்களே! அவர்கள் வரும்போது முன் வாங்கிலே இடம் விடுங்கள். ஊருணி நிறைதல் மட்டும் போதாது. எல்லாக் கைகளும் அதனைத் தொடல் வேண்டும். அதுவே ஒப்புரவு.