குறைந்த செலவும் கூடிய கடனும்: பெருந்தொற்றுக் காலத்தில் புதுவாயல் வட்டாரத் தொழிலாளர் குடும்பங்கள்

பெருந்தொற்று ஒரு குடும்பத்தை எவ்வளவு வருத்தியது என்பதை, அக்குடும்பத்தின் செலவு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தே பெரும்பாலும் அளக்கிறோம். அந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். வருமானம் நின்றால் செலவு குறையத்தான் செய்யும். எந்தச் செலவு குறைந்தது, குறைக்க முடியாத செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற இரு கேள்விகளுக்கு விடை கண்டால்தான் நெருக்கடியின் ஆழம் தெரியும். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தெற்கே உள்ள புதுவாயல் வட்டாரம் இதை ஆராய ஏற்ற களம். நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தக் கூலிகள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்குவோர் என மூவகையினரும் இங்கே ஒரே ஆலைகளை நம்பி வாழ்கிறார்கள்.

2020 மார்ச் 25 அன்று முழு ஊரடங்கு தொடங்கியது. முழுக்கூலி தர வேண்டும், தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29இல் மத்திய உள்துறை ஆணையிட்டது. கூலி பற்றிய அந்த ஆணை மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேலைக்கு வந்த நாளுக்கு மட்டுமே கூலி பெறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது இருந்த நாளிலும் உறுதியான காப்பாக இல்லை. சி.எம்.ஐ.இ. ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி அவ்வாண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டின் வேலையின்மை 49.8 விழுக்காடு. வருமானம் நின்ற வீடுகளில் துணிமணி, போக்குவரத்து, விசேஷச் செலவுகள் உடனே நின்றன. வாடகை, குழுக் கடன் தவணை, மருந்து ஆகியவை நிற்கவில்லை. பள்ளிகள் மூடப்பட்டபின் இணைய வகுப்புக்கான கைப்பேசியும் ரீசார்ஜும் புதிய செலவாகச் சேர்ந்தன.

அரசு உதவி இந்த இடைவெளியை நிரப்பியது என்று வாதிடலாம். அரிசி அட்டைதாரர்களுக்கு மாநில அரசு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தந்தது. மத்திய அரசு ஆளுக்குக் கூடுதலாக 5 கிலோ தானியம் அறிவித்தது. இவை பசியைத் தடுத்தன. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் ரொக்கக் கணக்கு வேறு. பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 வீதம் வந்த 1,500 ரூபாயைச் சேர்த்தாலும், ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 2,500 ரூபாய். மாதத்துக்கு 833 ரூபாய். வாடகையை அரிசியாகக் கொடுக்க முடியாது. இங்கே குடும்ப அட்டை இல்லாத வெளிமாநிலத்தவருக்கு மாநில அரசின் 1,000 ரூபாயும் எட்டவில்லை. எங்கும் பொருள் வாங்க வழிசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2020 அக்டோபரில்தான். அதற்கு முன்பே பலர் ஊர் திரும்ப வடக்கு நோக்கி நெடுஞ்சாலையில் நடந்துவிட்டார்கள்.

எஞ்சிய பற்றாக்குறையைக் கடன் அடைத்தது. 2020 ஆகஸ்ட் இறுதி வரை தவணைகளை ஒத்திவைக்கக் கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. தவணைக்குத்தான் ஓய்வு, வட்டிக்கு ஓய்வில்லை. வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் அசலுக்கான வட்டி அப்படியே இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 அன்று, வங்கிகள் நகை மதிப்பில் 75 விழுக்காட்டுக்குப் பதில் 90 விழுக்காடு வரை கடன் தரலாம் என ரிசர்வ் வங்கி அனுமதித்தது. நகை இருக்கும் வீடு சமாளித்துக்கொண்டது, இது தாங்கும் திறனின் சான்றல்லவா என்று கேட்கலாம். அடகுச் சீட்டு அவசரத்துக்கு உதவியது உண்மை. ஆனால் ஒரு பவுனுக்குக் கூடுதலாகக் கடன் வாங்கியவர் மீட்கும்போது கூடுதலான அசலும் அதற்குரிய வட்டியும் கட்ட வேண்டும். தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். மகளின் திருமணத்துக்கென்று வைத்த சேமிப்பு இவ்வாறு வாடகையாகவும் மளிகையாகவும் கரைந்ததை எந்தச் செலவுக் கணக்கெடுப்பும் இழப்பாகப் பதிவுசெய்வதில்லை.

2020–21இல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 11.5 விழுக்காடாக உயர்ந்ததே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அது சராசரி. சம்பளம் நிற்காமல், செலவழிக்க வழியின்றிச் சேமித்தவரும், கூலி இழந்து கடன்பட்டவரும் அதில் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். இருவரும் செலவைக் குறைத்தார்கள். ஒருவருக்கு அது சேமிப்பு, மற்றவருக்கு இல்லாமை. 2022–23இல் அந்த விகிதம் ஏறத்தாழ 5 விழுக்காடாகச் சரிந்ததில் வீட்டுக்கடன், வாகனக்கடன் போன்றவற்றுக்கும் பங்குண்டு. ஆகவே அதை முழுவதும் துயரத்தின் அடையாளமாகக் கொள்ளவும் கூடாது.

எனவே, அடுத்த பேரிடருக்கான கணக்கெடுப்பு செலவோடு நில்லாமல் கடன், அடகு, வாடகை நிலுவை ஆகியவற்றையும் கேட்க வேண்டும். நிவாரணமும் அட்டை உள்ள ஊரில் அல்லாமல் தொழிலாளி வசிக்கும் இடத்தில், வாடகைக்கும் வட்டிக்கும் ஈடாகும் ரொக்கமாகச் சேர வேண்டும். ஆலைகள் மீண்டும் திறந்ததும் நெருக்கடி முடிந்ததாகக் கருதும் கொள்கை, அதன் பின்னும் பல ஆண்டுகளுக்குக் கூலியிலிருந்து வட்டி கட்டும் குடும்பங்களைக் கைவிடுகிறது.