பியூஸ் ஏன் போகவில்லை?

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில், எழுபதுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் நடைபெற்ற மரண விசாரணைக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். திருமணத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருந்த பெண்ணொருத்தி, கழுவிய ஈரம் காயாத சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று சேலைக்கு ஸ்திரிக்கை போடுகையில் மின்சாரம் தாக்கி இறந்திருந்தாள். விசாரணை முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவளது தகப்பனார், "அப்ப பியூஸ் ஏன் போகேல்லை?" என்று கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை. நானும் அக்கேள்வியை எழுதவில்லை. மின்னொழுக்கினால் யுவதி மரணம் என்ற தலைப்பில் நான்கு வரிகள் மறுநாள் வெளிவந்தன.

மின்னொழுக்கு எங்கள் பத்திரிகைகளுக்கு மிகவும் வசதியான சொல். கடை எரிந்தாலும் மின்னொழுக்கு. ஆள் இறந்தாலும் மின்னொழுக்கு. உண்மையில் இவை இரண்டும் வெவ்வேறு. கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, பெருமளவு மின்னோட்டம் பாய்ந்து, சூடேறித் தீப்பற்றுவது ஒன்று. சாதனத்தின் உலோக உடலுக்கு மின்சாரம் கசிந்து, அதைத் தொட்டவரின் உடல்வழியே நிலத்துக்கு இறங்குவது மற்றொன்று. உருகி எனப்படும் பியூஸ் முதலாவதற்காக உண்டானது. அது கம்பியைக் காக்கும், மனிதரை அன்று. 5 அம்பியர் உருகி 5 அம்பியர் வரை பேசாதிருக்கும். மனித இதயத்தைக் குழப்புவதற்கோ அதில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.1 அம்பியர் போதும்.

அந்தத் தகப்பனாரின் கேள்விக்குரிய விடை இதுதான். அதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.

இலங்கையில் மின்னொளி முதன்முதலில் 1895 இல் கொழும்புக் கோட்டையில், பிறிஸ்டல் ஹோட்டலின் பில்லியட் கூடத்தில் ஏற்றப்பட்டது என்பர். தொடக்க காலத்தில் மின்சாரம் என்றால் வெளிச்சம்தான். மின்குமிழ் கூரையில் தொங்கியது. அதை எவரும் கையாற் பிடிப்பதில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் நீர்மின்சாரத் திட்டத்தை எடுத்துரைத்து, 1950 இல் லக்சபான இயங்கத் தொடங்கி, மின்சாரம் மெல்ல மெல்ல நடுத்தர வீடுகளுக்கு வந்தபோது, ஸ்திரிக்கைப் பெட்டியும் கேத்தலும் கூடவே வந்தன. கையாற் பிடிக்கும் உலோகச் சாதனங்கள் அவை. ஆபத்தும் அவற்றுடனேயே வீட்டுக்குள் நுழைந்தது.

பிரித்தானியாவில் இதைப் பற்றிச் சிந்தித்தவர்களுள் ஒருவர் கரோலைன் ஹாஸ்லெற். அவர் பிறந்ததும் அதே 1895 இல். 1924 இல் உருவான பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, போருக்குப் பிந்திய வீடுகளின் மின்னிணைப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராய்ந்த இருபது பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவர்தான் பெண். குழுவின் அறிக்கை 1944 இல் வந்தது. 1947 இல் 13 அம்பியர் சதுர முனைச் செருகியின் தரம் பிறந்தது. அச்செருகியைச் சற்று உற்றுப் பாருங்கள். எர்த் முனை மற்ற இரண்டினும் நீளமானது. அது முதலில் உள்ளே சென்று, மின்சாரமுள்ள துளைகளின் மூடியைத் திறக்கிறது. வெளியேறும்போது கடைசியாக வெளியேறுகிறது. சிறு பிள்ளை ஊசியைக் குத்தினாலும் மூடி வழிவிடாது.

எங்கள் நாட்டில் நெடுங்காலம் 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டை முனைகளே நிலைத்தன. 2016 இல்தான் 13 அம்பியர் செருகி தேசியத் தரமாக்கப்பட்டது. நாம் சும்மா இருப்போமா? இரண்டு முனைச் செருகியைச் செருகுவதற்காக மேல் துளைக்குள் பென்சிலையோ ஈர்க்கையோ விட்டு மூடியைத் திறக்கும் வித்தையைக் கண்டுபிடித்தோம். இலண்டனிலும் எம்மவர் வீடுகளில் இதைக் கண்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் ஸ்திரிக்கைப் பெட்டியிலும் இரண்டு முனைகளே இருந்தன. எர்த் கம்பி இருந்திருந்தால் கசிந்த மின்சாரம் அவ்வழியே இறங்கியிருக்கும். ஆயினும் நம் ஊரில் அதுவும் முழுக் காவலன்று. கோடையில் காய்ந்த நிலத்தில் புதைத்த எர்த் கம்பிக்கு 50 ஓம் தடை இருந்தால், 230 வோல்ற்றில் பாய்வது 4.6 அம்பியர் மட்டுமே. 5 அம்பியர் உருகி அசையாது.

ஆகவேதான் ட்ரிப் சுவிட்ச். தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் மின் ஆபத்துகளைக் கண்ட பொறியியலாளர் ஹென்றி ரூபின், நுண்ணிய கசிவையும் உணரும் கருவியொன்றை 1955 இல் உருவாக்கினார். இன்று வீடுகளில் உள்ளது செய்வது எளிய கணக்கு. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்ததா? 0.03 அம்பியர் குறைந்தால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானைச் சில மாதங்களுக்கொரு முறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் அழுத்துகிறோம்?

1990 இல் போர் மூண்டபின் தென்னிலங்கையிலிருந்து குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கிலும், சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலியிலும் காலம் கழிந்தது. போருக்குப் பின்னர் ஊருக்குப் போய்ப் பழைய வீட்டைத் திருத்தியபோது, சுவருக்குள் இருந்த வயர்களின் றப்பர் உறை தொட்டாலே உதிர்ந்தது. எர்த் கம்பியைச் செப்புக்காக எவரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்.

வயரிங் முழுவதையும் புதுப்பித்து ட்ரிப் சுவிட்ச் பூட்டினோம். அது நாளுக்கு மூன்று தடவை விழுந்தது. வயரிங் செய்த தம்பி இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஐயா, சுவிட்ச்தான் பழுதுபோலக் கிடக்கு. நேரடியாய்க் குடுத்துவிடட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு சாதனமாகக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். மாலையில் கண்டுபிடித்தார். கிணற்று மோட்டர். அதன் உடலில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கல்லில்தான் என் பேரப்பிள்ளைகள் அன்று காலையும் நின்று குளித்திருந்தார்கள்.