அரபுக் குதிரையும் அதன் தீனியும்

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலின் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பற்றி எழுதியோர் பலர். உயிருள்ள குதிரைகள் இந்நாட்டில் எதைத் தின்றன என்று கேட்டோர் சிலரே.

ஸ்ரீரங்கத்திற்கு வடக்கேயுள்ள கண்ணனூர் ஹொய்சளரின் தென்தலைநகராய் விளங்கியது. 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தர பாண்டியன் அதனைக் கைப்பற்றினான். அரங்கன் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவனும் அவனே. அவனுக்குப் பின்வந்த பாண்டியரின் படைபலம் கடல்வழி வந்த குதிரைகளை நம்பியிருந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கு வியப்பளிப்பது. மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டார். கதீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்தால் 10,000. ஒன்றின் விலை 220 பொன் தீனார்.

இங்கு வந்த குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் தந்தனர் என்கிறார் வஸ்ஸாப். அதே நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவோ, இறைச்சி கலந்த சோறு என்கிறார். இருவருமே வியப்போடு எழுதியவர்கள். முழுதும் நம்ப வேண்டுவதில்லை. நெய்யிட்ட அத்தானியம் கொள்ளாக இருக்கலாம் என்பது நமது கருத்து.

மேலைநாட்டுக் குதிரைகளின் புகழ்பெற்ற தீனியான ஓட்ஸ் இங்கு ஏன் வேரூன்றவில்லை? அது குளிர்நாட்டுப் பயிர் என்பது பாதி விடைதான். வெப்பம் தாங்கும் செந்நிற ஓட்ஸ் ஒன்றும் உண்டு. 1848இல் கார்ல் கோக் அதற்கு இட்ட பெயர் அவினா பைசாண்டினா. பைசாந்திய அரசு மறைந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து, உஸ்மானியர் ஆட்சியில், அப்பழம்பெயர் ஒரு புல்லுக்கு வாய்த்தது! மத்தியதரைக் கடலோரக் காட்டு ஓட்ஸிலிருந்து தோன்றிய இதன் ஒரு வகை, அல்ஜீரிய ஓட்ஸ் என்ற பெயரோடு ஆஸ்திரேலியாவில் பெரிதும் பயிராயிற்று. இதனைத் தனியினமாகக் கொள்ளாது, பொது ஓட்ஸின் பிரிவாகவே இன்று பலர் கருதுகின்றனர். இரண்டிலும் நிறப்புரிகள் 42. ஆயினும் பொது ஓட்ஸில் காணப்படும் ஒரு நிறப்புரி இடமாற்றம் செந்நிற ஓட்ஸில் பெரும்பாலும் இல்லை.

அரபுக் குதிரை வந்த வழியே அரபு மண்ணின் ஓட்ஸும் வந்திருக்கும் என எண்ணத் தோன்றும். அதற்கு இடமில்லை. அக்குதிரைகளின் வழக்கமான தீனி வாற்கோதுமை. மேலும், வெப்பப் பயிர் என்ற சொல் இங்கு மயக்கம் தருவது. செந்நிற ஓட்ஸ் நாடுவது இலையுதிர் காலத்தில் விதைத்து, மிதமான மழைக்குளிரில் வளர்ந்து, வேனிலின் தொடக்கத்தில் முற்றும் நிலத்தை. காவிரிக்கரையில் ஐப்பசி அடைமழை. தையோ நெல்லறுவடைக் காலம். இந்தியாவில் ஓட்ஸ் பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய வடமாநிலங்களில் குளிர்காலத் தீவனமாய் விளைகிறது.

வறண்ட மேட்டுநிலத்திலும் விளையும் கொள்ளே இங்கு குதிரைக்குரியதாயிற்று. ஓட்ஸுக்குப் பழகிய ஆங்கிலேயரும் சென்னை மாகாணத்தில் தம் குதிரைகளுக்கு அதையே வேகவைத்து ஊட்டினர்; குதிரைப் பயறு என்றே அதற்குப் பெயரும் இட்டனர்.